துப்பறியும் கதையும் வாக்குரிமையும்

வாக்குப் பெட்டியைத் தூக்கிச் செல்பவனைக் கள்வன் என்று சொல்ல எவரும் தயங்குவதில்லை. ஆனால், வாக்காளன் அப்பெட்டியை அடையாதவாறு அவன் செல்லும் வழியையே மாற்றிவிடுபவனை என்னவென்று சொல்வது? முதலாளித்துவ ஜனநாயகம் செழித்தோங்கிய நாடுகளில் தேர்தல் மோசடி தடியோடும் கத்தியோடும் வருவதில்லை. அது மரியாதையான குரலில் வருகின்றது. அரசாங்க நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகின்றது. 2011ஆம் ஆண்டின் கனேடியப் பொதுத் தேர்தல் இதற்குத் தக்க உதாரணம். அம்மோசடி பற்றி அந்நாட்டு முற்போக்காளர் நிறையவே எழுதினர். அவ்வெழுத்துக்களின் நிறையையும் குறையையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நடந்ததைக் கூறுவோம். 2011 மே 2ஆம் திகதி வாக்களிப்பு நடைபெற்றது. ஐந்தாண்டுகள் சிறுபான்மை அரசாங்கம் நடத்திவந்த ஸ்ரீபன் ஹார்ப்பரின் கொன்சவேற்றிவ் கட்சி, 308 ஆசனங்களில் 166ஐக் கைப்பற்றிப் பெரும்பான்மை பெற்றது. ஜாக் லேற்றன் தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சி 103 ஆசனங்களுடன் முதன்முறையாகப் பிரதான எதிர்க்கட்சி ஆயிற்று. இலங்கையிற் பிறந்த ராதிகா சிற்சபைஈசன், தமிழர் செறிந்து வாழும் ஸ்காபறோவிலிருந்து அக்கட்சியின் சார்பில் தெரிவாகி, கனேடியப் பாராளுமன்றத்தில் அமர்ந்த முதல் தமிழரானதும் இத்தேர்தலிலேதான்.

அன்று காலை ஒன்ராறியோ மாகாணத்துக் குவெல்ப் நகரில் 6,000க்கும் மேற்பட்ட தொலைபேசி இலக்கங்களுக்கு ஒரு தானியங்கி அழைப்பு வந்தது. கனேடியத் தேர்தல் நிறுவனத்தின் பெயரில் பேசிய அக்குரல், வாக்களிப்பு நிலையம் மாற்றப்பட்டுள்ளது என்று அறிவித்தது. அது பொய். அதை நம்பி நகரின் கடைத்தொகுதி ஒன்றுக்குச் சென்றவர்கள் ஏமாந்து நின்றனர். அழைப்புக்குக் காரணமான கைத்தொலைபேசி ‘பியர் பூற்றீன்’ என்ற பெயரில் பதியப்பட்டிருந்தது. பூற்றீன் என்பது கியூபெக் மாகாணத்து உருளைக்கிழங்கு உணவொன்றின் பெயர். கொடுத்திருந்த முகவரியோ ‘பிரிவினைவாதி வீதி’! மக்களின் வாக்குரிமையைப் பறிக்கப் புறப்பட்டவர்களுக்கு அது வெறும் வேடிக்கையாகவே இருந்திருக்கின்றது.

2012 பெப்ரவரியில் ஒட்டாவாப் பத்திரிகையாளர் இருவர் இதனை அம்பலப்படுத்தினர். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளிலிருந்து முறைப்பாடுகள் வந்து குவிந்தன. முற்போக்கு எழுத்தாளர்களும் தொழிற்சங்கத்தினரும் மாணவரும் விடயத்தைக் கைவிடாது பற்றி நின்றனர். அவர்கள் எழுதியிராவிட்டால், குவெல்ப் நகரத்துப் பொய்க்குரல் தேர்தல் நாளின் சிறியதொரு குழப்பமாக மறக்கப்பட்டிருக்கும். இப்பெருமையை அவர்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

ஆயின், அவர்கள் அதை எழுதிய முறைதான் விமர்சனத்துக்கு உரியது. பெரும்பாலானோர் அதனைத் துப்பறியும் கதையாகவே எழுதினர். பியர் பூற்றீன் யார்? தொலைபேசியை வாங்கியவன் யார்? எந்தக் கணினியிலிருந்து கட்டளை சென்றது? துப்பறியும் கதைக்கு ஓர் இலக்கணம் உண்டு. குற்றவாளி பிடிபட்டதும் கதை முடிந்துவிடும். உலகம் மீண்டும் ஒழுங்குக்கு வந்துவிட்டதென்ற திருப்தியுடன் வாசகன் நூலை மூடிவைத்துவிடுவான். குற்றத்தை ஈன்ற சமுதாயம் எதுவென்ற கேள்வி அங்கு எழுவதில்லை. கனடாவிலும் இதுவே நடந்தது. 2014இல் குவெல்ப் தொகுதிக் கொன்சவேற்றிவ் அபேட்சகரின் பிரசார அலுவலகத்திற் பணியாற்றிய ஓர் இளைஞர் குற்றவாளியெனத் தீர்ப்பாகி, ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். தேர்தல் நடந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. அவர் தனித்துச் செயற்பட்டிருக்கமாட்டார் என்றே தண்டித்த நீதிபதியும் கருதினார். எனினும் வேறெவரும் தண்டிக்கப்படவில்லை. கதை முடிந்தது.

துப்பறியும் கதை முடியுமிடத்திலேதான் சமுதாய விமர்சனம் தொடங்கவேண்டும். அதற்கான மூலப்பொருள் 2013 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதியரசர் றிச்சர்ட் மொஸ்லி வழங்கிய தீர்ப்பில் இருந்தது. ஆறு தொகுதிகளின் முடிவுகளை இரத்துச் செய்யுமாறு, கனேடியர் பேரவை என்னும் மக்கள் அமைப்பின் ஆதரவுடன் சாதாரண வாக்காளர் சிலர் தொடுத்த வழக்கு அது. மோசடி நடந்தது உண்மை என நீதியரசர் கண்டார். எதிர்க்கட்சிகளுக்கு வாக்களிப்போர் என முன்னரே இனங்காணப்பட்டவர்களே குறிவைக்கப்பட்டனர் என்றும், அதற்குப் பயன்பட்ட தகவல்கள் பெரும்பாலும் கொன்சவேற்றிவ் கட்சியின் வாக்காளர் தகவற் களஞ்சியத்திலிருந்தே பெறப்பட்டிருக்கவேண்டும் என்றும் கண்டார். ஆனால் கட்சியோ அதன் அபேட்சகர்களோ நேரடியாக ஈடுபட்டமை நிரூபிக்கப்படவில்லை என்றார். முடிவுகளை மாற்றுமளவுக்குச் சான்றில்லை எனக் கூறி ஆசனங்களையும் இரத்துச் செய்யவில்லை. அவற்றுள் ஒரு தொகுதியில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவை பதினெட்டே வாக்குகள்!

இத்தீர்ப்பின் மையம் அந்தத் தகவற் களஞ்சியமே. தேர்தலுக்கு முன்னர் கட்சித் தொண்டர் தொலைபேசியில் அழைத்து, “எங்களுக்கு வாக்களிப்பீர்களா?” என்று கேட்கிறார். வாக்காளர் நேர்மையாக “இல்லை” என்கிறார். அந்தப் பதில் பெயருடனும் முகவரியுடனும் பதியப்படுகின்றது. பின்னர் அந்த நேர்மையே அவருக்கு எதிரான ஆயுதமாகின்றது. இரகசிய வாக்கெடுப்புக்காக மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடினர். கனடாவில் 1874ஆம் ஆண்டே அது சட்டமாயிற்று. கட்சிகளின் களஞ்சியமோ வாக்கெடுப்பு நடைபெறுமுன்னரே இரகசியத்தைக் கரைத்துவிடுகின்றது. இத்தகைய களஞ்சியங்களைப் பெரிய கட்சிகள் யாவும் வைத்திருந்தன. தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கும் சட்டங்களிலிருந்து அக்கட்சிகள் விலகியே நின்றன. துப்பறியும் கதையில் இதற்கு இடமில்லை. ஏனெனில் இங்கே குற்றவாளி ஒருவனல்லன்.

ஒரு கட்சியை மாத்திரம் பாவியாக்குவதிலும் எமக்கு உடன்பாடில்லை. கொன்சவேற்றிவ் கட்சியின் கணக்கு நீண்டது என்பது மெய்யே. 2006 தேர்தலில் விளம்பரச் செலவைத் தொகுதிகளின் கணக்கில் ஏற்றிச் செலவு வரம்பைத் தாண்டியமைக்காக 2011இல் அக்கட்சிக்கும் அதன் நிதி அமைப்புக்கும் 52,000 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. தானியங்கி அழைப்பு விவகாரத்தில் பாராளுமன்றத்திற் கட்சிக்காக வாதாடிய டீன் டெல் மஸ்ற்றோ, 2008 தேர்தலில் தாமே வரம்பு மீறிச் செலவிட்டமைக்காக 2015இல் சிறைத்தண்டனை பெற்றார். ஆயினும் அதே குவெல்ப் தொகுதியில், தம்மை யாரென்று கூறாமல் தானியங்கி அழைப்பொன்றை அனுப்பியமைக்காக வெற்றிபெற்ற லிபரல் அபேட்சகரின் தரப்பும் அபராதம் செலுத்தியது. இரு குற்றங்களும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. ஆனால் இரண்டும் ஒரே பட்டறையில் வார்க்கப்பட்டவை.

வாக்காளனை வாக்குச் சாவடியிலிருந்து விலக்கிவைக்கும் வேலையைக் கனடாவில் அதிகமாகச் செய்தது சட்டமே என்பதையும் மறந்துவிடலாகாது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1907இல் இந்தியாவிலிருந்து குடியேறியோரின் வாக்குரிமையைப் பறித்தது. 1947 வரை அவர்கள் அதைப் பெறவில்லை. 1917இல் யுத்தகாலத் தேர்தற் சட்டம், அரசாங்கத்தை ஆதரிப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போர்வீரரின் பெண் உறவினர்க்கு வாக்குரிமை அளித்தது. அதே கையால், ‘எதிரி நாடு’களிற் பிறந்து 1902 மார்ச்சுக்குப் பின் பிரசாவுரிமை பெற்றோரின் வாக்குரிமையைப் பறித்தது. மண்ணின் மைந்தர்களான ஆதிக்குடிகள் தம் சட்ட அந்தஸ்தைக் கைவிடாமலே வாக்களிக்கும் உரிமையை 1960இலேதான் பெற்றனர்.

2014ஆம் ஆண்டு ‘நியாயமான தேர்தல்கள் சட்டம்’ இம்மரபின் வாரிசே. பொய்யழைப்புக்களை விசாரித்த தேர்தல் ஆணையாளர், சாட்சிகளை நிர்ப்பந்தித்து விசாரிக்கும் அதிகாரம் தமக்கு வேண்டுமெனக் கேட்டார். அது கொடுக்கப்படவில்லை. மாறாக, அடையாளப் பத்திரமில்லாத வாக்காளருக்காக அயலவர் ஒருவர் சாட்சி சொல்லும் முறையை ஒழிக்கவே அமைச்சர் பியர் பொலியேவர் மசோதாவிற் புறப்பட்டார். 2011இல் சுமார் 120,000 பேர் அம்முறையாலேயே வாக்களித்தனர் எனத் தேர்தல் தலைமை அதிகாரி மதிப்பிட்டிருந்தார். மாணவர், முதியோர், வீடற்றோர், ஆதிக்குடிகள் ஆகியோரே அதனை நம்பியிருந்தோர். பலத்த எதிர்ப்பின் பின்னர் மசோதா ஓரளவு தளர்த்தப்பட்டது. தொலைபேசிக் குரல் ஒரு நகரத்திற் செய்ய முனைந்ததைச் சட்டம் நாடு முழுவதிலும் செய்ய முனைந்தது. முன்னதற்குச் சிறை, பின்னதற்குப் பாராளுமன்றத்தில் கரகோஷம்.

2015இல் ஹார்ப்பர் தோற்றார். ஜஸ்ரின் ட்ரூடோவின் லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தது. 2018இல் புதிய சட்டமொன்று, அயலவர் சாட்சியத்தை மீட்டு, ஆணையாளர் கேட்ட அதிகாரத்தையும் வழங்கியது. இவை உண்மையான ஆதாயங்கள், போராட்டத்தின் பயன்கள். ஆனால் இவ்விடத்திற் பல பேனாக்கள் ஓய்ந்துவிட்டன. 2011இல் 39.6 வீத வாக்குகளைப் பெற்ற ஹார்ப்பருக்கு முழு அதிகாரம் கிட்டியதை அநீதி என்று எழுதியவர்கள், 2015இல் 39.5 வீத வாக்குகளுடன் ட்ரூடோ 338இல் 184 ஆசனங்களைப் பெற்றபோது அதை மக்களின் மீட்சி என்றனர். அதுவே பழைய முறையிலான இறுதித் தேர்தல் என ட்ரூடோ வாக்குறுதி அளித்திருந்தார். 2017 பெப்ரவரியில் அவ்வாக்குறுதி கைவிடப்பட்டது. 2019இலும் 2021இலும் கொன்சவேற்றிவ் கட்சியிலும் குறைந்த வாக்குகளைப் பெற்ற லிபரல் கட்சியே ஆட்சி நடத்தியது. 2025 தேர்தலும் அதே முறையிலேயே நடந்தது.

எதிரி செய்தால் மோசடி, நண்பன் செய்தால் நடைமுறை என்று கருதும் விமர்சனம், விமர்சனமாகாது. அது கட்சி விளம்பரத்தின் மறுபக்கம். முற்போக்கு எழுத்தாளனுக்கு அளவுகோல் ஒன்றே இருக்கவேண்டும்: உழைக்கும் மனிதனின் வாக்கு பெட்டியைச் சென்றடைகின்றதா? அடைந்தபின் அதற்குரிய பெறுமதி கிடைக்கின்றதா? ஆட்சியில் யார் அமர்ந்திருந்தாலும் இக்கேள்விகள் மாறலாகா.

குவெல்ப் நகரத்தவர் வீதியில் அலைந்தது ஒரு காலைப்பொழுதுதான். வாக்களித்தும் தம் வாக்கின் பெறுமதியைக் காணாத இலட்சக்கணக்கானோர் தேர்தலுக்குத் தேர்தல் அலைகின்றனர். முன்னவர்களை ஏமாற்றியவனைப் பெயர் சொல்லிப் பிடித்தாயிற்று. பின்னவர்களை ஏமாற்றுவது எது என்று எழுதும் கடமை இன்னும் மீதமிருக்கின்றது.