குழாய் ஒலிபெருக்கியின் வாய்

மாசி மகத்தன்று பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் வைத்திக்குப்பம் கடற்கரையில், அலையையும் மேளத்தையும் மீறி ஓர் அறிவிப்பு கடைசி ஆள்வரை எட்ட வேண்டுமானால், குழாய் ஒலிபெருக்கிக்கு நிகரில்லை. பெட்டி ஸ்பீக்கர் பொதுவாக, வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கையே ஒலியாக்கும். குழாய் அதைப் பல மடங்கு மிஞ்சும். குழாயின் அடியில் ஒலியை எழுப்பும் யூனிட்டின் சிறு தகடு வெறும் காற்றை உதைத்தால் பிடிமானம் கிடைக்காது. சிறுகச் சிறுக விரியும் குழல் அதைத் தருகிறது. இயற்பியலாளர் வெப்ஸ்டர் 1919-இல் இதைக் கணக்காக எழுதினார். நாகஸ்வரத்தின் விரிந்த வாயான அணசும் அதே இனம்தான்.

காதைக் குத்துகிறதே என்பார்கள். பாதி நியாயம். வாயின் சுற்றளவு அலைநீளத்துக்குக் குறைந்தால் அந்த ஒலியைக் குழல் சரிவரத் தாங்காது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாய்க்கு எல்லை ஏறத்தாழ 270 ஹெர்ட்ஸ். தவிலின் கனம் கரைந்துபோகும். பேச்சைப் புரியவைக்கும் மெய்யொலிகளோ பெரும்பாலும் அதற்கு மேலே பத்திரமாக இருக்கும். வீட்டில் குழல் செய்பவர் 50 ஹெர்ட்ஸுக்கு ஆசைப்பட்டால் இரண்டு மீட்டருக்கு மேல் அகன்ற வாய் வேண்டும் (சுவரை இடிக்க வேண்டியதுதான்). ஆகவே ஒலியைச் சீரமைப்பதில் பாதி வேலை வெட்டுவதே: எல்லைக்குக் கீழுள்ள ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே நிறுத்தாவிட்டால், பிடிமானமற்ற தகடு துள்ளிக் கரகரக்கும். அந்தக் குற்றத்தைக் குழாயின் தலையில் கட்டுவது சரியல்ல. வால்யூமைத் திருகும் கைக்கும் அதில் பங்குண்டு.