வையைப் புனலில் கலங்கிய அந்தணர்

விழாக்காலந்தோறும் மேடைகளில் நாம் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. பண்டைத் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர். அவர்தம் விழாக்களால் மண்ணுக்கோ நீருக்கோ சிறு தீங்கும் நேர்ந்ததில்லை. மாசு என்பது இக்காலத்தார் கொணர்ந்த தீமை என்பதே அப்பேச்சின் சாரம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் சங்க நூல்களோடு வைத்து அதனை ஒப்புநோக்கினால், ஒரு நூலேனும் அதற்கு உடன்பட மறுக்கிறது. அந்நூல் பரிபாடல்.

எட்டுத்தொகையுள் இசைவகுத்துப் பாடப்பெற்ற தொகை அது. மொத்தம் 70 பாடல்கள் என்றும், அவற்றுள் வையைக்கு உரியன 26 என்றும் பழைய வெண்பா ஒன்று கணக்குக் கூறும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1918இல் பரிமேலழகர் உரையுடன் அதனைப் பதிப்பித்தபோது கிடைத்தவை 22 பாடல்களும் சில உறுப்புகளுமே. எஞ்சிய வையைப் பாடல்கள் சிலவேயாயினும், ஒரு நகரம் முழுவதும் ஆற்றங்கரைக்குத் திரண்டு வரும் காட்சியை இவற்றைப்போல் நிறைவுறக் காட்டும் பாடல்கள் தமிழில் அரியவை. மலையில் மழை பெய்கிறது, புதுப்புனல் வருகிறது, செய்தி மதுரைக்கு எட்டுகிறது. யானையும் குதிரையும் வண்டியும் நெருக்க, ஆடவரும் மகளிரும் சாந்தும் நெய்யும் மாலையும் நறவும் கையேந்திக் கரைக்கு ஓடுகின்றனர். பத்தாம் பாடலில், பொன்னாற் செய்த நண்டும் இறாலும் வாளைமீனும் அலையில் இடப்படுகின்றன. நாட்டின் வயல்கள் விளைந்து பொலிய வேண்டும் என்பது அவ்வாறு இடுவோரின் வேண்டுதல்.

இத்துணை மகிழ்ச்சிக்கிடையே, ஆசிரியன் நல்லந்துவனார் பாடிய ஆறாம் பாடலில் ஒரு தடை எழுகிறது. சாறும் குழம்பும் நெய்யும் மலரும் கலந்து மணக்கும் ஆற்றைக் கண்டு அந்தணர் கலங்கி மருளுகின்றனர். இது தாம் அறிந்த நீரன்று, வேறுபட்ட நீர் என்று திகைக்கின்றனர். புலவர் அத்தோடு நிற்கவில்லை. மாலைகளும் வேரும் தூரும் காயும் கிழங்கும் கள்ளும் சேர, வருபுனல் தன் நலனை இழந்தது என்றே சொல்லிவிடுகிறார். திரட்டுப் பகுதியிற் சேர்க்கப்பெற்றுள்ள மற்றொரு வையைப் பாடல் இதனினும் வெளிப்படையானது. கள் கலந்தது என்று பார்ப்பார் நீராடாது ஒழிகின்றனர். மணப்பொருள் தூவப்பட்டது என்று அந்தணர் தோயாது நிற்கின்றனர். நீர் வழுவழுத்தது என்று ஐயர் வாய்பூசவும் மறுக்கின்றனர்.

இப்பகுதியை நகைச்சுவை என்று கொண்டு கடந்துவிடலாம். மகிழ்வோரிடையே முகஞ்சுளிக்கும் ஆசாரசீலரைக் காட்டிப் புலவர் நகையாடினார் என்று பொருள் கொள்வதும் எளிது. நகை இல்லாமல் இல்லை. ஆனால் நகை மட்டுமே என்று கொள்ள நமக்கு மனம் ஒப்பவில்லை. நகையாடுவதே நோக்கமாயின், நீர் நலனிழந்ததற்கு அத்துணை நீண்ட பட்டியல் எதற்கு? மேலும், இக்கலங்கலின் பின்னரே அப்பாடலில் பரத்தையோடு ஆடி வந்த தலைவனிடம் தலைவி கொள்ளும் ஊடல் விரிகிறது. உடைந்த மடையை அடைத்த பின்னும் கசியும் வையை நீரே அவள் கண்ணீருக்கு உவமையாகிறது. ஆற்றின் கலங்கலும் மனத்தின் கலங்கலும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் என்று நாம் கருதவில்லை. விழாவின் இன்பத்தை ஒளிவின்றிப் பாடியவர், அவ்வின்பம் விட்டுச்சென்ற கறையையும் ஒளிக்கவில்லை. பரிபாடலின் பெருமை இந்நேர்மையில் இருக்கிறது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது, கலங்கியவர் யார் என்பது. அவர்கள் விழாவின் பகைவர் அல்லர். சமயத்துக்குப் புறம்பானவரும் அல்லர். நீராடுதலையும் வாய்பூசுதலையும் கடமையாகக் கொண்டு ஆற்றை நாடி வந்தவர்கள். தூய நீர் வேண்டும் என்ற குரல் அப்பாடல்களில் வழிபாட்டின் உள்ளிருந்தே எழுகிறது.

மும்பையில் வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. 1893இல் திலகர் பொதுவிழாவாக வளர்க்கத் தொடங்கிய விநாயகர் சதுர்த்தி, இந்நகரின் பெருவிழா. நம் குடும்பங்களும் அதில் மனமுவந்து கலந்துகொள்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அது அயலார் விழாவன்று. ஊரில் நம் பாட்டியர் கண்ட பிள்ளையாரோ வேறு. குயவர் வீட்டுக் களிமண்ணில் பிடித்து, குன்றிமணியால் கண் வைத்து, எருக்கமாலை சூட்டி, காகிதக் குடை நட்டு, பூசை முடிந்தபின் கிணற்றிலோ குளத்திலோ விட்ட பிள்ளையார் அவர். வந்த மண்ணே மீண்டும் மண்ணாயிற்று. இன்று கடைத்தெருவில் மலிந்திருப்பது ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்த பாரிஸ் சாந்து. நீர் சேர்ந்தவுடன் அது மீண்டும் ஜிப்சமாய் இறுகுகிறது. இறுகியது எளிதிற் கரைவதில்லை. மறுநாள் காலைக் கடற்கரையில் கையிழந்தும் துதிக்கையிழந்தும் ஒதுங்கிக் கிடக்கும் உருவங்களைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, மினுமினுக்கும் சாயங்கள் சிலவற்றில் ஈயம் முதலான உலோகங்களும் உண்டு.

வையையில் விழுந்தவை சாந்தும் நெய்யும் மலரும் கிழங்கும். மீனும் மண்ணும் வெயிலும் அவற்றைச் செரித்திருக்கும். வெள்ளமும் ஓடும் வெள்ளம். அவற்றுக்கே நீர் நலனிழந்தது என்று பாடிய புலவர் முன் நாம் எதைக் காட்டப்போகிறோம்? (அவ்வெள்ளமும் இன்று அரிது. 1959 முதல் வையைக்கு அணை உண்டு. சித்திரையில் அழகர் இறங்கும் ஆற்றுக்கு அணையிலிருந்து நீர் திறந்துவிட வேண்டிய ஆண்டுகள் பல.)

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சிலைகளைக் கரைத்தல் பற்றி 2010இல் நெறிமுறைகள் வகுத்தது. 2020இல் திருத்தி, பாரிஸ் சாந்தை விலக்கச் சொன்னது. ஆறடி வரையுள்ள சிலைகளைச் செயற்கைக் குளங்களிலேயே கரைக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இவை வெளியாகுந்தோறும், சமயத்தின்மேல் கைவைக்கிறார்கள் என்று ஒரு சாரார் குமுறுகின்றனர். அவர்தம் பக்தியை நாம் ஐயுறவில்லை. ஆனால் மரபு தம் பக்கம் என்று அவர்கள் சொல்லும்போது, வையைக் கரையில் கால் நனைக்காமல் நின்ற அந்தணரை எப்பக்கம் சேர்ப்பது? சாந்துச் சிலை செய்வோரின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வியோ வேறு வகையானது. அதில் நியாயம் உண்டு. சாந்து அச்சில் விரைந்து வார்க்கப்படுவது, எடை குறைந்தது, விலையும் மலிவு. களிமண் உருவம் கைவேலை. உலர நாளாகும், தூக்கினால் உடையும், விலையும் கூடும். அக்கூடுதல் விலையைத் தர மனமில்லாதவர் கைவினைஞரைக் குறைகூறுவதில் பொருளில்லை. பேருருவம் வேண்டும் என்ற போட்டியை விட்டு ஒரு சாண் உயரமே போதும் என்று கொண்டால், களிமண்ணின் விலையும் கைக்கடங்கும். அடுக்குமாடி வீட்டில் ஒரு வாளி நீரே அப்பிள்ளையாருக்குக் குளமாகலாம்; கரைந்த சேற்றைத் துளசித் தொட்டியில் ஊற்றலாம்.

நம் சங்கங்கள் சிறுவர்க்கு நடத்தும் மனனப் போட்டிகளில் பரிபாடல் இடம்பெறுவது அரிது. சொல் கடினம் என்பது காரணம். ஆறாம் பாடலில் ஒரு பகுதியை வைத்துப் பார்க்கலாம். வைப்பின், புனல் வரும் அழகோடு நிறுத்தாமல் அந்தணர் கலங்கும் அடிகளையும் சேர்த்தே வைக்க வேண்டும். பொருள் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் அவ்விடத்தில் சிரிப்பர். பிறகு, அவர்கள் ஏன் குளிக்கவில்லை என்று கேட்பர்.