தவணை கேட்கும் காட்சி

கடன்பட்டவரின் நெஞ்சத்தைப் பற்றிய அந்த அடியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இலங்கை வேந்தன் கலங்கியதற்கு உவமையாக வருவது. கம்பன் பாடியது என்று சொல்லி மேடையில் கைதட்டு வாங்குவார்கள். கம்பராமாயணத்தில் அப்படி ஓர் அடி இல்லை என்று தெரிந்தவர்கள் எத்தனையோ தடவை எழுதிவிட்டார்கள். மேடைகள் கேட்பதாக இல்லை. 2023 இலையுதிர்காலத்தில், இலண்டனில் ஒரு நூல் வெளியீட்டில் மறுபடியும் அதைக் கேட்டபோது, எழுந்து திருத்தம் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் வங்கியோடு கதைக்கவேண்டியிருந்தது. அடி யாருடையதாக இருந்தால் என்ன, அன்று அது என்னுடையது.

வீடு திரும்பும் ரயிலில் வேறொன்று தோன்றியது. அந்த அடி கடன்பட்டவனின் நெஞ்சைச் சொல்கிறது, அவன் வாயைச் சொல்லவில்லை. கடன் கொடுத்தவன் முன்னால் போய் நின்று, 'முழுவதும் கட்ட முடியாது, இவ்வளவுதான் முடியும்' என்று சொல்லப் போகிறவன் எந்தச் சொல்லில் தொடங்குகிறான்? எதை மறைக்கிறான்? இந்தக் காட்சியை இலக்கியத்தில் யார் எழுதியிருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

என் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் விசேடமாக ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் பல ஆயிரம் வீடுகளில் நடந்ததுதான். 2021 டிசம்பர்வரை இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 0.1 சதவீதம். தொடர்ந்து 14 தடவை ஏற்றி 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதம் ஆக்கினார்கள். அந்த நேரம் பார்த்து எனது மோட்கேஜின் நிலைவட்டிக் காலம் முடிந்தது. மிச்சக் கடன் 230,000 பவுண்ஸ், மிச்சக் காலம் 22 வருடம். 1.9 சதவீதத்தில் மாதம் 1,067 பவுண்ஸ் கட்டிக்கொண்டிருந்தவனுக்கு, இனி 5.9 சதவீதம், மாதம் 1,557 என்று கடிதம் வந்தது. அந்தக் கோடையில் அரசாங்கமும் வங்கிகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆறு மாதத்துக்கு வட்டியை மட்டும் கட்டலாம், அல்லது கடன் காலத்தை நீட்டலாம். வட்டி மட்டும் என்றால் 1,131. அதாவது, முதலில் ஒரு சதமும் குறையாமல், முன்பு வட்டியும் முதலுமாகக் கட்டியதைவிட 64 பவுண்ஸ் கூட. எனக்கு 75 வயதாகும்வரை நீட்டினால் மாதம் 1,382. ஆனால் அதே வட்டி நீடித்தால் கடைசியில் கிட்டத்தட்ட 70,000 பவுண்ஸ் கூடுதலாகக் கட்டியிருப்பேன். மனைவிக்குப் பராமரிப்பு இல்லத்தில் வேலை நேரத்தைக் குறைத்திருந்தார்கள். எங்களால் முடிந்தது 1,200, இரண்டு வருடத்துக்கு. இந்த ஒரு வசனத்தை உரிய ஆளிடம் சொல்லி முடிக்க எனக்கு நான்கு தொலைபேசி அழைப்புகள் தேவைப்பட்டன.

தமிழில் தவணை கேட்ட பெரிய மனிதன் அரிச்சந்திரன். விசுவாமித்திரருக்குக் கொடுக்கவேண்டியதற்குத் தவணை வாங்கிக்கொண்டு காசிக்கு நடக்கிறான். வசூலிக்க முனிவர் அனுப்பிய நட்சத்திரேசன் கூடவே வருகிறான். கால் நோகிறது, பசிக்கிறது என்று வழியெல்லாம் நச்சரிக்கிறான். கடைசியில் தன் தரகுக்கும் காசு கேட்கிறான். சந்திரமதியை விற்ற காசு கடனுக்குப் போக, தரகுக்கு அரிச்சந்திரன் தன்னையே விற்கவேண்டி வருகிறது. வசூலிக்கும் செலவையும் கடன்பட்டவனின் தலையில் கட்டும் வழக்கத்தை நம்முடைய நாடகக்காரர்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் விடிய விடியப் பார்த்தது எது? மயான காண்டம். நடிகமணி வைரமுத்துவின் பாட்டுக்காகக் கோவில் வீதியில் பாய் விரித்து இருந்த சனம் நட்சத்திரேசனைத் தேடி வந்ததில்லை. சுடலையைத் தேடி வந்தது. சின்ன வயதில் பார்த்ததில் எனக்கு மிஞ்சியிருப்பதும் லோகிதாசனின் உடலும் சந்திரமதியின் அழுகையுந்தான். அந்தக் கலைஞனின் பெருமையை இது குறைக்காது. சனம் எதைக் கேட்டதோ அதில் அவர் உச்சத்தைத் தொட்டார். ஆனால் கடன் என்ற கதையில் கடைசிக் காண்டத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்துப் பழகிய சனம் நாங்கள். ஒருவன் எப்படி அழிந்தான் என்பது எங்களுக்கு வேண்டும். அழியாமல் இருக்க அவன் யார் யாரிடம் என்ன கதைத்தான் என்பதில் எங்களுக்குப் பொறுமை இல்லை.

அந்தப் பொறுமை ஃப்ளோபேருக்கு இருந்தது. 1857இல் நூலாக வந்த 'மதாம் பொவாரி'யைக் கள்ளக்காதல் நாவல் என்றே வாசித்துப் பழகிவிட்டோம். என் இருபதுகளில் நானும் அப்படித்தான் வாசித்தேன். காதல் பகுதிகளில் அடிக்கோடு, கணக்கு வரும் பக்கங்களில் ஒன்றும் இல்லை. இந்தமுறை அந்த வெள்ளைப் பக்கங்களைத்தான் வாசித்தேன். துணி வியாபாரி லெரோ, எம்மாவிடம் காசு கேட்காமல் பொருள் கொடுக்கிறான். புறோநோட்டில் கையெழுத்து வாங்குகிறான். தவணை வரும்போது பழைய நோட்டைக் கிழித்துப் புது நோட்டு, கொஞ்சம் பெரியது. கணவனிடமிருந்து அற்றோணித் தத்துவம் எழுதி வாங்கவும் அவனே யோசனை சொல்கிறான். இதெல்லாம் எங்கள் ஊரின் வட்டிக்காரருக்கும் தெரிந்த வித்தைதான். எனக்குப் புதிதாகப் பட்டது வன்சார்.

எம்மா கெஞ்சத் தொடங்கியதும் லெரோ கையை விரிக்கிறான். நோட்டு தன்னிடம் இல்லை, ரூவானில் இருக்கும் வன்சாரிடம் போய்விட்டது, வன்சார் பொல்லாத ஆள், தான் என்ன செய்வது. வன்சாரின் பெயர் வருகிறது, வன்சாரின் ஆள் வருகிறான், வன்சார் வருவதில்லை. கெஞ்சக் கூடியவனுக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவனுக்கு முகம் இல்லை. என்னோடு கதைத்த வங்கிப் பெண் நல்லவர். பொய்யாகச் சொல்லவில்லை, குரலில் இரக்கம் இருந்தது. '1,200ஐப் போட்டுப் பார்த்தேன், சிஸ்டம் ஏற்கவில்லை' என்றார். இரண்டாவது அழைப்பில் வேறொருவர், அதே வசனம். வன்சாருக்கு இப்போது பெயர் சிஸ்டம்.

எட்டாயிரம் பிராங்க் 24 மணித்தியாலத்தில் கட்டவேண்டும் என்று தீர்ப்பு வந்தபின் நீதிமன்ற ஆள் வீட்டுக்கு வருகிறான். ஊரில் பிஸ்கால் என்போமே, அவன். சட்டி பானையிலிருந்து எம்மாவின் உடுப்புவரை எண்ணி எழுதுகிறான். ஷார்லின் வைத்திய அறையில் இருந்த மண்டையோட்டுச் சாத்திரப் பொம்மைத் தலையை மட்டும் எழுதவில்லை, அது தொழிற்கருவி என்பதால். நாவலின் மிகக் கசப்பான பகிடி இது. ஒரு வீட்டில் எது தேவை, எது ஆடம்பரம் என்று வெளியிலிருந்து வந்த ஒருவன் தீர்மானிக்கிறான். அவன் தேவை என்று விட்டுவைப்பது ஒன்றுக்கும் உதவாத ஒரு பொம்மைத் தலை.

அதற்குப் பிறகு எம்மா படியேறாத வீடில்லை. ரூவான் வங்கிக்காரர்கள், லெயோன், நொத்தாரிசு, கடைசியில் ரொடோல்ஃப். நடுவில் வரி வசூலிக்கும் பினேயிடம் போகிறாள். இந்தக் காட்சியில்தான் ஃப்ளோபேர் என்னை நிறுத்திவைத்தார். எம்மா பினேயிடம் என்ன கேட்டாள் என்று அவர் எழுதவில்லை. பக்கத்து வீட்டு மேல்மாடத்தில் ஒளிந்திருந்து இரண்டு பெண்கள் பார்க்கிறார்கள். பினேயின் கடைசல் இயந்திரத்தின் இரைச்சலில் அவர்களுக்குப் பேச்சுக் கேட்கவில்லை. அவள் கைகள் தெரிகின்றன, அவன் முகம் சிவப்பது தெரிகிறது. வரிக்குத் தவணை கேட்கிறாளோ என்று ஒருத்தி ஊகிக்கிறாள். ஐரோப்பிய நாவலின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவர், ஒவ்வொரு சொல்லுக்கும் நாட்கணக்கில் தவமிருந்தவர், தவணை கேட்கும் வாய்க்கு அருகில் வந்ததும் ஒலியை அணைத்துவிட்டார். அந்த இரைச்சலுக்குள் ஒரு மரியாதை இருக்கிறது என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வசனங்களை எழுதினால் எம்மா வாசகர் கண்ணில் இன்னும் சிறுத்துவிடுவாள் என்று அவர் பயந்திருக்கவேண்டும்.

நாவலில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. எம்மாவின் கடனில் திரைச்சீலையும் கம்பளமும் பயண உடுப்பும் இருக்கின்றன. ஆகவே வாசகருக்குத் தீர்ப்புச் சொல்ல ஒரு வழி திறந்தே இருக்கிறது. என் மகள் வாசித்தால், 'அவ ஏன் இவ்வளவு உடுப்பு வாங்கினவ' என்றுதான் முதலில் கேட்பாள். ஒன்றும் கூடுதலாக வாங்காமல், அதே வீட்டில் அதே கதிரையில் இருந்தபடி, மாதம் 490 பவுண்ஸ் கூடுதலாகக் கடன்பட்டவனுக்கு அந்த நாவலில் இடமில்லை. ஸ்டைன்பெக்கின் 'கிரேப்ஸ் ஒஃப் ராத்' (1939) அதற்குக் கிட்ட வருகிறது. நிலத்தை விட்டுப் போகச் சொல்ல வரும் ஆட்கள் வங்கியை மனிதர் செய்த, ஆனால் மனிதர் அடக்க முடியாத ஒரு பூதமாகச் சொல்லும் அத்தியாயம் எல்லாருக்கும் தெரியும். வீட்டை இடிக்க வரும் டிராக்டர்காரனோடு குடியானவன் தர்க்கப்படும்போது, யாரைச் சுடுவது என்பதே கேள்வியாகிவிடுகிறது. நல்ல கேள்விதான். சுடுகிற எண்ணம் எதுவும் இல்லாதவனுக்கு யாரிடம் கேட்பது என்பது அதைவிடக் கஷ்டமான கேள்வி.

இனி எங்கள் பக்கம். புலம்பெயர் கதைகளில் கடனுக்குப் பஞ்சமில்லை. ஏஜென்சிக்குக் கட்ட வாங்கிய கடன், அடைவு வைத்த தாலிக்கொடி, கழிவு போகக் கூறி எடுத்த சீட்டு, சீட்டுக் காசோடு தலைமறைவான ஆள். இந்தக் கடன்களுக்கு முகம் உண்டு, மொழியும் உண்டு. 'அண்ணை, வாற மாதம் பாப்பம்' என்ற நான்கு சொல்லில் வெட்கமும் உறவும் கொஞ்சம் பொய்யும் சேர்ந்து வந்துவிடும். எங்கள் எழுத்தாளர்களின் காது அதை நன்றாகப் பிடித்திருக்கிறது. வங்கிக்கடன் மட்டும் கதையில் ஒரு வரியாக வந்து போகும், 'மோட்கேஜுக்கு ரெண்டு வேலை' என்று. அந்த வரிக்கு அப்பால் உள்ளதை வேறு மொழியில் கேட்கவேண்டியிருக்கிறது, அதில் எங்களுக்கு 'அண்ணை' இல்லை. குறையை மற்றவர்மேல் போட்டுத் தப்ப முடியாது. சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் எழுத்தாளர் எனக்கு அனுப்பிய சிறுகதையில் ஒரு பெண் வங்கிக் கிளையில் காத்திருப்பதை மூன்று பக்கம் எழுதியிருந்தார். 'மோட்கேஜ் எல்லாம் கதையாகாது, வெட்டுங்கள்' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். வெட்டிவிட்டார். அந்த மூன்று பக்கமும் இப்போது எனக்கு வேண்டும்.

மூன்றாவது அழைப்புக்குப் பிறகு இலவசக் கடன் ஆலோசனை கொடுக்கும் ஓர் இடத்துக்குப் போனேன். 'தொகையை நீங்கள் சொல்லாதீர்கள், படிவம் சொல்லட்டும்' என்றார் அங்கிருந்தவர். இதை அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம், நான் முதல் நாளே போயிருக்கவேண்டும். 2017இலிருந்து இந்த நாட்டுக் கடன் ஆலோசகர்கள் பொதுவாகப் பாவிக்கும் ஒரு வரவு செலவுப் படிவம் இருக்கிறது. வாடகை அல்லது மோட்கேஜ், மின்சாரம், போக்குவரத்து ஒரு பக்கம். உணவு, தொலைபேசி, உடுப்பு மறுபக்கம். இந்த இரண்டாவது பக்கத்துக்கு வரம்புகள் உண்டு. தாண்டினால் காரணம் சொல்லவேண்டும். கடன்பட்டவன் தன் வாழ்க்கையை எழுதும்படி கேட்கப்படும் ஒரே இலக்கிய வடிவம் இது என்று அன்று எனக்குப் பட்டது. கொஞ்சம் கூடச் சொன்னாலும் நம்பமாட்டார்கள், குறையச் சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டச் சொல்வார்கள். எந்த ஆசிரியரும் என் எழுத்தை இவ்வளவு கவனமாக வாசித்ததில்லை.

நாலாவது அழைப்புக்கு முன் மகள் என்னோடு குசினி மேசையில் இருந்து படிவத்தை நிரப்பினாள். அவளுக்கு 17 வயது, எண்கள் அவளுக்குப் பயமில்லை.

"அப்பா, அப்பம்மாவுக்கு அனுப்புற காசை எதுக்க போடுறது?"

அப்படி ஒரு வரி அதில் இல்லை. பருத்தித்துறைக்கு மாதம் 80 பவுண்ஸ். கட்டாயம் இல்லாத செலவு என்று போட்டால் முதல் வெட்டு அதில்தான் விழும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். பிஸ்கால் விட்டுவைத்த அந்தப் பொம்மைத் தலை ஞாபகம் வந்தது.

"சாப்பாட்டில போடு பிள்ளை."

"பொய்யெல்லே?"

"அவ சாப்பிடத்தானே அனுப்புறது."

கடைசியில் ஆறு மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதம் தந்தார்கள். இந்தக் கட்டுரைக்கு அது முக்கியமில்லை. அந்த அழைப்பில் வந்தவர் படிவத்தை வரி வரியாக வாசித்தார். உணவுக்கு வந்ததும் நிறுத்தினார். நான்கு பேருக்கு இது வரம்பைத் தாண்டுகிறதே என்றார்.

ஐந்து பேர் என்றேன்.

படிவத்தில் நான்கு பேர் என்றல்லவா இருக்கிறது என்றார். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது. ஐந்தாவது ஆள் இந்த வீட்டில் இல்லை என்பதை எந்த ஆங்கிலத்தில் தொடங்குவது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். மகள் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள். "அப்பா, நான் கதைக்கிறதுக்கு ஓம் எண்டு நீங்கள் முதல் அவைக்குச் சொல்லோணும்" என்றாள்.