முன்ஷி அப்துல்லாவின் மக்காப் பயண நூல்

மலாய் உரைநடைக்குப் புதுநெறி வகுத்தவர் முன்ஷி அப்துல்லா. 1849இல் சிங்கப்பூரில் அச்சேறிய 'ஹிக்காயத் அப்துல்லா' என்னும் தன்வரலாற்றையும், கிளந்தான் சென்று வந்ததைப் பற்றி 1838இல் வெளிவந்த பயண நூலையும் கற்றோர் பலர் அறிவர். அவர் இறுதியாக எழுதத் தொடங்கி முற்றுப்பெறாமல் விட்ட மற்றொரு பயண நூலோ அவ்வளவாகப் படிக்கப்படுவதில்லை. 1854இல் சிங்கப்பூரிலிருந்து ஜித்தா வழியாக மக்கா நகருக்குச் சென்ற ஹஜ் பயணத்தைக் கூறும் நூல் அது. அளவிற் சிறியது, குறைநூல், அதன் முடிவிலுள்ள செய்யுளும் உயர்ந்த கவிதை அன்று. இத்தனை குறை இருந்தும் அதனை ஒதுக்கிவிடுதல் தகாது.

அப்துல்லா 1796இல் மலாக்காவிற் பிறந்தவர். ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து மணம் புரிந்த ஓர் அரபியரின் கொள்ளுப்பேரர். இளமையில் இரண்டரை ஆண்டுக் காலம் தமிழ் பயின்றதாகத் தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். அந்நாளில் மலாக்காவில் வணிகக் கணக்குகள் தமிழில் நடந்தன. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாக இருந்தது. கணக்கன் கண் என்று ஒன்று உண்டு. பொருளை எண்ணாமல், எடை பார்க்காமல் விடாத கண் அது. அப்துல்லாவின் உரைநடைச் சிறப்பெல்லாம் அந்தக் கண்ணிலேதான் இருக்கிறது. கிளந்தான் பயணத்தில் அரசர்களின் குறைகளை அவர் எடுத்துரைத்த துணிவுக்கும் அதுவே வேர்.

இத்தகையவர் மக்கா நகரை முதன்முதலாகக் கண்டபோது என்ன எழுதினார் என்று அறிய விரும்புவது இயல்பேயாகும். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. கிறிஸ்துவ சமயத் தொண்டர்களுக்கு மலாய் கற்பித்ததாலும், விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியதாலும், ஊரார் சிலர் அவரை 'அப்துல்லா பாதிரி' என்று எள்ளினர். அந்தப் பழி சுமந்த ஐம்பத்தெட்டு வயது முதியவர் கஃபாவின் முன் சென்று நின்றார். தம்மைப் பழித்தவர்க்கு மறுமொழியாக ஒரு சொல்லேனும் அங்கே சொல்லியிருப்பார் என்று படிப்போர் எதிர்பார்க்கக் கூடும். வாதாடத் தயங்காத எழுத்தாளர் அவர். ஹிக்காயத்தே அதற்குச் சான்று. ஆயின் மக்காவைப் பற்றிய செய்யுளில் அந்த வழக்கின் நிழல் கூட இல்லை.

அச்செய்யுளை நோக்குமுன், கடற்பயணத்தின் ஒரு பகுதியை நோக்குதல் வேண்டும். மலாய் மாலுமிகள் 'காம்ரி முனை' என்று அஞ்சிய இடம் நம் குமரி முனையே. அங்கே கப்பல் புயலில் அகப்பட்டது. அப்துல்லா இறைவன் பெயரை மும்முறை கூவுகிறார்; பட்ட துன்பத்தையும் அலையின் பெருமையையும் எடுத்துரைக்க இயலாது என்கிறார். இயலாது என்றவர், அடுத்த மூச்சிலேயே எடுத்துரைக்கிறார்! பெட்டிகளும் பாய் தலையணைகளும் பக்கத்துக்குப் பக்கம் தூக்கி எறியப்படுகின்றன. தண்ணீர் தெறித்து யாவும் நனைகின்றன. எல்லார் மனத்திலும் சாவு ஒன்றே நிற்கிறது. சாவு கண்முன் நின்றபோதும் தலையணை உருண்டதைப் பார்த்த கண் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மலாய் உரைநடையில் இதற்கு ஈடான கடற்காட்சி அரிது.

மக்காவுக்குள் நுழைந்ததும் உரைநடை நின்றுவிடுகிறது. சில அடிகளே கொண்ட செய்யுள் ஒன்று வருகிறது. புனித நகரில் புகுந்ததும் உலக இன்பம் மறந்தது, வழியிற் பட்ட துன்பம் மறந்தது, பல திங்களாக நெஞ்சில் இருந்த ஏக்கம் தீர்ந்தது என்பது அதன் கருத்து. தூண் எத்தனை, வாயில் எத்தனை, திரை என்ன நிறம் என்பன போன்ற செய்தி எதுவும் அதில் இல்லை. சொற்களும் மலாய்ப் புலவர் பலரும் கையாண்ட பொதுச்சொற்களே. பெட்டியையும் பாயையும் கண்ட கண் இங்கே மூடிக்கொண்டதா என்று கேட்கத் தோன்றும்.

பிற பயணிகளை இங்கே நினைத்தல் பயன் தரும். 1183ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிரானடாவிலிருந்து புறப்பட்டு ஆகஸ்டில் மக்கா சேர்ந்த இப்னு ஜுபைர், பள்ளியின் தூண்களையும் வாயில்களையும் எண்ணி எழுதினார். அவர் ஆங்கே தங்கியது எட்டுத் திங்களுக்கு மேல். ஆகவே ஒப்பீடு முழுதும் பொருந்தாது. அப்துல்லாவுக்கு ஓராண்டு முன்னர், 1853 செப்டம்பரில், ஆங்கிலேயரான ரிச்சர்டு பர்ட்டன் மாறுவேடத்தில் மக்காவுக்குள் சென்றார். அவர் பூண்ட பெயரும் அப்துல்லா என்பதே! மறைவாக அளந்தும் வரைந்தும் வந்தார். சுற்றி நின்றவர்களின் உருக்கம் சமய உணர்ச்சி என்றும், தம்முடைய மகிழ்ச்சி நிறைவேறிய செருக்கின் மகிழ்ச்சி என்றும் பின்னர் அவரே எழுதியது அவரது நேர்மையைக் காட்டும்.

செய்தி வேண்டுவோர் பர்ட்டனிடம் செல்லலாம். ஆனால் அந்தச் செய்யுளின் பொதுச்சொற்கள் வறுமையால் வந்தவை என்று கூறிவிட முடியாது. ஹஜ் பயணி தம் உடையைக் களைந்து, எல்லார்க்கும் ஒன்றேயான தையலற்ற இரு வெண்துணிகளை உடுக்கிறார். தமக்கே உரிய நடையை வாழ்நாளெல்லாம் வளர்த்த ஒருவர், அந்நகர் வாயிலில் அதனைக் கழற்றி வைத்து, ஊரார் அனைவரும் பேசும் சொல்லை உடுத்துக்கொண்டார் என்று கொள்ளுதல் பொருந்தும். பாதிரி என்று எள்ளி அவரைத் தனியே நிறுத்தியவர்களும் அதே சொற்களையே சொல்லியிருப்பர். அதற்காகச் செய்யுளை உயர் கவிதை என்று புகழ வேண்டுவதில்லை. குமரி முனைப் பகுதியோடு ஒப்பிட அது கலையில் தாழ்ந்ததே. மேலும், அப்துல்லா உயிரோடு இருந்திருப்பின், சில நாளில் கண் தெளிந்து தூண்களை எண்ணத் தொடங்கியிருக்கவும் கூடும். குறைநூலின் மௌனத்தை ஆசிரியரின் முடிந்த முடிபாகக் கொள்வது ஆபத்து.

அவர் அதே ஆண்டிலேயே, ஹஜ் கடமை நிறைவேறுமுன் இறந்தார். ஜித்தாவில் இறந்தார் என்றே பல வரலாறுகள் நெடுங்காலம் கூறிவந்தன. இது வெறும் ஊர்ப்பெயர்த் தகராறு அன்று. மக்காவைக் காணாமலே இறந்தார் என்றால், அந்தச் செய்யுள் கண்டதன் சான்று ஆகாது. காணப்போவதை எண்ணிப் பாடியது ஆகும். நகருள் புகுந்துவிட்டதாகவே செய்யுள் தொடங்குவதை அக்கூற்று எவ்வாறு விளக்கும்? 2000ஆம் ஆண்டில் இந்நூலை ஆங்கிலத்தில் ஆய்வுரையுடன் வெளியிட்ட ரைமி செ-ரோஸ், இறந்த இடம் மக்காவே என்று வாதிட்டார். நூலின் அகச்சான்றும் அவர் பக்கமே நிற்கிறது.

நூலை முதலில் அச்சிட்டவர் கீஸ்பெரி. அப்துல்லாவிடம் மலாய் பயின்ற கிறிஸ்துவப் பாதிரியார் அவர். 1858, 1859 ஆண்டுகளில் 'செர்மின் மாத்தா' என்னும் தம் மலாய் இதழில் அதனை வெளியிட்டார். மக்காவைப் பாடிய செய்யுள் பாதிரியின் அச்சகத்திலிருந்தே மலாய் மக்களுக்குக் கிடைத்தது. 1867இல் கிளின்கெர்ட் அதனை டச்சு மொழியில் பெயர்த்தார். காசிம் அகமது 1960இல் கிளந்தான் பயணத்தையும் இதனையும் ஒரே நூலாகப் பதிப்பித்தார். மலாய் அறிந்த தமிழாசிரியர்கள் குமரி முனைப் பகுதியையும் மக்காச் செய்யுளையும் அப்பதிப்பில் அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம்.