சீசாவுக்குள் கடல்

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு. பொன்னமராவதியில் இதைச் சொன்னால் பல பேர் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி எல்லாம் நம் மாவட்டம்தான். ஆனால், ஊருணியைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கடல் என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐஸ் பெட்டியில் வந்து இறங்குவது. சங்கரா, பாறை, நெத்திலி, திருக்கை... அதோடு சரி.

அதனால்தான் அக்கா மகள் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் 'கடல் ஆராய்ச்சி நிலையம்' என்று ஒரு வரி இருந்ததும் நானே துணைக்கு வருகிறேன் என்று வேனில் ஏறிக்கொண்டேன். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் நிலையம். பொதுமக்களும் பார்க்கலாம். பெயர் வேண்டாம். இனி இந்தக் கட்டுரையில் பெயர் சொல்லப்போகும் எந்த இடமும் அது அல்ல.

வாசலில் காவலாளி. "வரிசையா போங்க. எதையும் தொடக் கூடாது." உள்ளே நீளமான கூடம். இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரி. அலமாரிக்குள் சீசாக்கள், சீசாவுக்குள் பார்மலின், பார்மலினுக்குள் மீன், நண்டு, கடல் பாம்பு. எல்லாமே ஒரே நிறம். ஊறப்போட்டு மறந்துபோன வேட்டியின் நிறம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு. அதில் லத்தீனில் இரண்டு வார்த்தை.

அக்கா மகள் ஒரு சீசா முன்னால் நின்றுவிட்டாள். "மாமா, இது நம்ம சந்தையில விக்கிற திருக்கைதானே?"

எனக்குத் தெரியவில்லை. கூட வந்த ஊழியரைக் கேட்டேன்.

"பேரு எழுதியிருக்கு பாருங்க சார்."

"அது புரியலையே..."

"அது சயின்டிபிக் நேம் சார்." போய்விட்டார்.

இருபது நிமிடத்தில் வெளியே வந்தாயிற்று. வேனில் பிள்ளைகளிடம் கேட்டேன், "என்னப்பா பார்த்தீங்க?" ஒரு பையன் யோசிக்காமல் சொன்னான்: "சீசா பார்த்தோம் சார்."

நான் அந்தப் பையன் கட்சி.

அவசரப்பட்டு யாரும் கோபப்பட வேண்டாம். சீசா குப்பை என்று நான் சொல்லவில்லை. ஒரு மீனை இன்ன இனம் என்று உறுதி செய்ய, ஏற்கெனவே பெயரிட்டுப் பத்திரப்படுத்திய மாதிரியோடு ஒப்பிட்டாக வேண்டும். லத்தீன் பெயரும் திமிர் இல்லை. ஒரே மீனுக்கு ராமேஸ்வரத்தில் ஒரு பெயர், கடலூரில் ஒரு பெயர் இருக்கும்போது உலகத்துக்குப் பொதுவாக ஒன்று வேண்டும்தான். ஆராய்ச்சியாளருக்கு அந்தச் சீசா ஒரு ஆவணம். என் கேள்வி வேறு. ஆவண அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, 'பொதுமக்கள் பார்வைக்கு' என்று பலகை மாட்டினால் போதுமா?

"எங்க வேலை ஆராய்ச்சி. கைடு வேலை இல்லை" என்று பதில் வரும். ஆள் இல்லை, நிதி இல்லை என்றும் வரும். இரண்டும் ஓரளவு நியாயம். ஆனால், இந்தப் பிரச்னைக்கு நூற்றைம்பது வருஷம் முன்னாலேயே ஒருவர் வழி கண்டுபிடித்துவிட்டார்.

ஆன்டன் டோர்ன் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1872-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கடற்கரையில் ஓர் ஆய்வு நிலையம் கட்ட ஆரம்பித்தார். 1874-ல் அங்கே மீன் காட்சியகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தார். கீழே உயிருள்ள மீன்கள், மேலே ஆய்வுக்கூடம். கீழே வாங்கும் டிக்கெட் காசு மேலே ஆராய்ச்சிக்கு உதவும். அது போதாது என்று, ஆய்வு மேஜைகளை வருட வாடகைக்குப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுகளுக்கும் விட்டார். காமர்ஸ் படித்த எனக்கு இந்த மனிதர் மேல் தனி மரியாதை. வேடிக்கை பார்க்க வருகிறவனை அவர் தொந்தரவாக நினைக்கவில்லை. பங்குதாரராக நினைத்தார்.

நம்மிடம் சொல்ல விஷயமே இல்லையா? பரங்கிப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வெள்ளாறு கடலில் சேரும் இடம். அங்கேதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின உயராய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி.சேஷையா முன்னின்று வளர்த்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக, இந்தியாவில் கடல் உயிரியல் என்றாலே சொல்லப்படுகிற பெயர்களில் ஒன்று. அருங்காட்சியகமும் உண்டு. ஆனால், அந்த இடத்தின் பெரிய காட்சிப்பொருள் எந்த அலமாரியிலும் அடங்காது. வாசலில் ஓடும் ஆறுதான் அது. கடல் தண்ணீர் ஏறி உள்ளே வரும், இறங்கி வெளியே போகும். உப்பும் நன்னீரும் கலக்கும் அந்த இடத்தில்தான் பல இறால்களும் மீன்களும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. முகத்துவாரம் அடைபட்டால் பிறகு கடலில் வலை போட்டு என்ன பிரயோஜனம்? இதைப் பத்து நிமிடம் ஆற்றங்கரையில் நின்று சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

பக்கத்திலேயே பிச்சாவரம். அலையாத்திக் காடு. அலையை ஆற்றும் காடு என்று பெயரிலேயே காரணம் வைத்திருக்கிறோம். அந்தப் பெயர் நிஜமா என்று 2004 டிசம்பர் 26 கேட்டது. சுனாமிக்குப் பிறகு பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையில் 18 குடியிருப்புகளில் உயிர்ச்சேதத்தைக் கணக்கெடுத்தார்கள். காடு காப்பாற்றியது என்று 2005-ல் எழுதினார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்ட கட்டுரை அது. அடுத்த வருஷமே வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் அதே ஆய்விதழில் மறுத்தார்கள். 'அந்த ஊர்கள் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்று பார்த்தாலே போதும், காட்டின் பங்கு அவ்வளவாக இல்லை' என்பது அவர்கள் வாதம்.

யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால், பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா? விஞ்ஞானம் என்பது ஒருவர் சொல்வதும், இன்னொருவர் 'கணக்கைக் காட்டு' என்று கேட்பதும்தான். பிச்சாவரத்தில் படகு ஏறுகிற எத்தனை பேருக்கு இந்தச் சண்டை தெரியும்?

இது வெறும் பொது அறிவு விஷயம் இல்லை. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்பசுவுக்காக இந்தியாவில் அமைந்த முதல் பாதுகாப்பகம். ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் அந்தப் பிராணி கடலடிப் புல்லை மேய்ந்து வாழ்வது. அதே புல்வெளிதான் மீனுக்கும் இறாலுக்கும் தொட்டில். அடியைச் சுரண்டும் வலை அந்தத் தொட்டிலைக் கிழிக்கிறது. இதைப் புரியும்படி சொன்னால், அது நமக்காகச் செய்யும் காரியம் என்று மீனவருக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால், 'ஆபீசர்கள் சேர்ந்து நம்ம பிழைப்பில் கை வைக்கிறார்கள்' என்றுதான் தோன்றும். தஞ்சை மாவட்டம் மனோராவில் கடற்பசுவுக்கென்றே ஒரு மையம் அமைப்பதாகவும் அரசு அறிவித்தது. அதிலும் சீசாக்களை வரிசையாக அடுக்கிவிட்டால் கதை முடிந்தது.

பெரிய பட்ஜெட் எதுவும் கேட்கவில்லை. சீட்டில் லத்தீனுக்குக் கீழே, அந்தக் கரையில் வழங்கும் தமிழ்ப் பெயர். இப்போது இங்கே என்ன ஆராய்ச்சி நடக்கிறது, அதனால் யாருக்கு என்ன பயன் என்று தமிழில் ஒரு பலகை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆராய்ச்சி மாணவர் ஒருவரும் பக்கத்துக் குப்பத்து மீனவர் ஒருவரும் சேர்ந்து சுற்றிக்காட்டட்டும். மீனவருக்குச் சம்பளம் கொடுங்கள். அதற்கு எங்களிடம் டிக்கெட் வாங்குங்கள். தருகிறோம்.

சுற்றுலா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு மீன் வாங்கப் போனேன். கடையில் திருக்கை இருந்தது. அவள் விடவில்லை. "அக்கா, இதான் கண்ணாடி சீசாவுல இருந்துச்சு" என்றாள் மீன்காரம்மாவிடம். அந்த அம்மா திருக்கையைத் திருப்பிப் போட்டார். "இங்க பாரு பாப்பா, வாலுக்குப் பக்கத்துல ரெண்டு விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கா? இது ஆம்பளை. பொம்பளைக்கு இது இருக்காது."

அவர் சொன்னது சரிதான். பிறகு புத்தகத்திலும் பார்த்துவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அவள் தொட்டும் பார்த்தாள்.