பிந்தி வந்த சுவைஞர்

ஓர் இசைக்குழு புகழின் உச்சியில் நின்றபோது அதனைக் கேட்டு மகிழ்ந்தவர் பலர். அப்புகழ் தணிந்து, குழுவினருள் ஒருவர் மறைந்தும் போன பின்னர், அதே குழுவின் பாடல்களைத் தேடி எடுத்து அவற்றில் உள்ளம் தோய்பவர் சிலர். முன்னவரைக் காலம் அழைத்து வந்தது. பின்னவர் தாமே வழி தேடி வந்தனர். இப்பின்னவரின் சுவையுணர்வு இரவல் உணர்வு என்றும், காணாத காலத்துக்காக ஏங்கும் மயக்கம் என்றும் கூறுவார் உளர். அக்கூற்று பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. தமிழ் கற்பிப்போர்க்கு இவ்வாராய்ச்சி அயலார் வழக்கு அன்று என்பதும் போகப் போக விளங்கும்.

மலேசியாவில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாக நிற்பது 'அலிகேட்ஸ்' என்னும் இசைக்குழு. அது 1960களின் இறுதியில் பினாங்கில் தோன்றியது. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ் உடன்பிறப்பினர் இருவரே அதன் முதன்மைப் பாடகர்கள். 1970களில் ஹாங்காங் சென்று அங்குள்ள விடுதி மேடைகளில் பாடித் தேர்ந்த அக்குழு, பின்னர் மலாய்ப் பாடல்களை இசைத்தட்டுகளாக வெளியிட்டு, 1980களில் நாடெங்கும் பெயர் பெற்றது. பாட்டைப் போலவே அவர்களின் அடர்ந்த சுருள்முடியும் மக்கள் மனத்தில் பதிந்தது. 'லோகா' என்று அனைவரும் அழைத்த லோகநாதன், நுரையீரல் புற்றுநோயால் 2007ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் மறைந்தார்.

பேராக் மாநிலத்துத் தமிழர் வாழ்வில் இக்குழுவின் புகழ்க்காலம் எதனோடு ஒட்டி நடந்தது என்பதைக் கருத வேண்டும். 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடல், பல குடும்பங்களை லயங்களிலிருந்து பெயர்த்துவிட்டது. பின்னர், பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை எழுந்தது. வேறு சில வீட்டுமனைகள் ஆயின. கிந்தாப் பள்ளத்தாக்கை வாழவைத்த ஈயத் தொழிலோ, 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது ஒடுங்கிற்று. ஆக, வானொலிப் பெட்டியில் அலிகேட்ஸ் குழுவின் குரல் ஓங்கிய ஆண்டுகளிலேயே, ஈப்போவைச் சூழ்ந்திருந்த பழைய தோட்ட வாழ்வு தேய்ந்துகொண்டிருந்தது.

அவ்வாழ்வு கலைந்த பின்னர் ஈப்போவில் பிறந்து வளர்ந்த ஒருவர், தந்தையின் பழைய ஒலிநாடாப் பெட்டியில் இப்பாடல்களை முதன்முதலாகக் கேட்கிறார் எனக் கொள்ளலாம். அவர் காதில் விழுவது பாட்டு மட்டும் அன்று. தாம் காணாத லயத்தின் மாலைப் பொழுது, தாம் கேளாத பெரட்டு மணி, தம் தந்தையின் இளமை ஆகிய எல்லாம் அப்பாட்டோடு சேர்ந்து வருகின்றன. இங்கேதான் ஐயம் எழுகிறது. அவர் சுவைப்பது பாட்டையா, இழந்த ஊரையா? இவ்விரண்டையும் பிரித்தறிந்தாலன்றி அவரைச் சுவைஞர் எனல் ஆகாது.

காணாமலே கொள்ளும் அன்பு

பிந்தி வந்தவர்மேல் சாட்டப்படும் முதற் குற்றம், அவர் நேரில் கண்டதில்லை என்பது. தமிழ்ப் புலவர் மரபு இதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை. கோப்பெருஞ்சோழன் அரசு வீற்றிருந்த நாளில் பிசிராந்தையார் அவனைச் சென்று காணவில்லை. சோழன் அரசு துறந்து வடக்கிருந்தபோதுதான் வந்தார். அவன் பெருமையெல்லாம் முடிந்த பின் வந்த அவரையே, தலைசிறந்த நண்பர் எனப் புறநானூறு போற்றுகிறது. அவர் வருவாரோ மாட்டாரோ என்று அருகிருந்தோர் ஐயுற்றனர். தமக்கென ஓரிடம் வைத்திருந்த அரசன் ஐயுறவில்லை. நட்புக்குப் பழக்கத்தினும் ஒத்த உணர்வே வேண்டுவது என்னும் குறளுக்குப் பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக் காட்டினார். நட்பிற்குப் பொருந்தும் இது கலைக்கும் பொருந்தும்.

இரண்டாம் குற்றச்சாட்டு, காலம் கடந்தபின் ஒரு கலையின் இயல்பை அறிய முடியாது என்பது. இதற்கு விடை சொல்லத் தக்கவர் அடியார்க்குநல்லார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரை ஒருவர்பின் ஒருவராக நிறுத்துகிறார். அது ஒரு முழுமையான இசைக்குழு. அக்குழுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர் அடியார்க்குநல்லார். பெருநாரை, பெருங்குருகு முதலான பழைய இசைநூல்கள் இறந்துபட்டன என்பதை அவரே குறிப்பிடுகிறார். எஞ்சியவற்றுள் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ்நூல் என்னும் ஐந்தையும் துணைக்கொண்டு உரை வகுத்தார். அவர் அந்த யாழைக் கேட்டவர் அல்லர்; ஆயினும் அதன் அமைதியைக் கற்போர்க்கு விளக்கியவர் அவரே.

பிந்தி வந்தவர்க்குரிய இலக்கணம் இங்கே கிடைக்கிறது. உடன்காலத்தவர்க்குக் கேட்டல் எளிது. ஆகவே கேட்டதோடு நின்றுவிடலாம். பிந்தி வந்தவரோ ஒவ்வொன்றையும் தேட வேண்டும், ஒப்பிட வேண்டும், இடைவெளிகளை நிரப்ப வேண்டும். அன்பு உழைப்பாக மாறும் இடத்தில் அவர் சுவைஞர் ஆகிறார். மாறாத இடத்தில் அவரிடம் உள்ளது ஏக்கம் மட்டுமே. ஏக்கம் இழிவானது அன்று. ஆயினும் அதனைத் திறனாய்வு என்று மயங்குதல் கூடாது.

பாட்டில் தங்கும் பொருள்

இனி, அலிகேட்ஸ் பாடல்களையே எடுத்துக்கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம். அவற்றுட் பெரும்பாலன காதலும் பிரிவும் பற்றியவை. உணர்ச்சி பல பாடல்களில் ஒரே வட்டத்துக்குள் சுழல்வதும் உண்டு. எல்லாம் ஒரு தரத்தன எனல் இயலாது. சுருள்முடியின் கவர்ச்சியும் மேடையின் ஆரவாரமும் நீங்கிய பின் கேட்பவர்க்கு இவ்வேற்றுமை தெளிவாகப் புலப்படும். காலம் உமியைத் தூற்றிவிட்டு நெல்லை அவர் முன் வைக்கிறது. உடன்காலத்தவர்க்கு வாய்க்காத நலம் இது.

அவர்களின் புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்று 'சம்பைகான் சலாம் சிந்தாகு'. என் காதல் வாழ்த்தைக் கொண்டு சேர் என்பது அத்தலைப்பின் பொருள். இதனைக் கேட்கும் தமிழ் மாணவர்க்குத் தூது என்னும் துறை நினைவுக்கு வர வேண்டாமா? குளிரில் நடுங்கி மதுரையில் தங்கிய சத்திமுத்தப் புலவர், தம் மனைவிக்கு நாரையிடம் செய்தி சொல்லி அனுப்பினார். தூதுக்கெனத் தனிச் சிற்றிலக்கியமே தமிழில் வளர்ந்தது. மலாய்ப் பாட்டிலும் தமிழ்ப் பாட்டிலும் செய்தி அனுப்புவோன் நிலை ஒன்றே: தான் போக முடியாத இடத்துக்குத் தன் சொல்லைப் போக்குகிறான். இவ்வொப்புமையை உணர்வதற்கு மொழி வேறுபாடு தடையாகாது.

மற்றொரு பாட்டின் தலைப்பு 'அண்டைனியா அக்கு பெர்கி டூலு'. நான் முன்னே போய்விட்டால் என்பது அதன் கருத்து. இப்பாட்டு வெளிவந்தபோது கேட்டவர்க்கு அது காதலர் பேச்சு. 2007க்குப் பின் கேட்பவர்க்கோ அவ்வளவில் அமையாது. இரு உடன்பிறப்பினருள் ஒருவர் முன்னே போய்விட்டார் என்னும் உண்மை அத்தலைப்பின்மேல் படிகிறது. இப்பொருள் பாட்டை ஆக்கியோர் வைத்தது அன்று, வாழ்க்கை வைத்தது. பாட்டின் நயம் என்று இதனைக் கணக்கில் எழுதுதல் பிழை. இல்லை என்று ஒதுக்குதலும் பிழை. ஆக்கியோன் வைத்த பொருளையும் காலம் சேர்த்த பொருளையும் பிரித்துக் காட்டுபவரே நல்ல உரையாசிரியர். தந்தையின் இளமையைப் பாட்டினின்று பிரித்தறிய வேண்டிய ஈப்போ இளைஞர்க்கும் இதுவே பயிற்சி.

தமிழர் பாடிய மலாய்ப் பாட்டைத் தமிழ்ப் பிள்ளைகள் போற்றுவது தமிழுக்கு இழப்பு என்று வருந்துவோரும் உண்டு. அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டில் தமிழ்ப் பாட்டு ஒலிக்காத குடும்பத்தில் வேற்றுமொழிப் பாட்டு அந்த இடத்தை முழுதும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அக்குற்றம் பாட்டினுடையது அன்று. பல மொழி பேசுவோர் கலந்து இனிது உறைந்த புகாரைப் பட்டினப்பாலை புகழ்கிறது. அத்தகைய பட்டினத்தில் பிறந்த கலைஞர் அண்டை மொழியில் பாடிச் சிறந்தால், அதனைத் தமிழர் வரலாற்றின் ஒரு பகுதியாகவே எழுத வேண்டும். தமிழில் என்ன பாடினோம் என்னும் வினாவையும் அதன் அருகிலேயே எழுத வேண்டும்.

பிந்தி வந்தவரை வீழ்த்தும் பள்ளமும் ஒன்று உண்டு. பழைய குழுவைப் போற்றுபவர், இன்று பாடுவோரையெல்லாம் இகழத் தொடங்குவது அது. பழையது என்பதனால் ஒன்று நன்றாகிவிடாது, புதியது என்பதனால் தீதாகிவிடாது என்னும் கருத்தை உமாபதி சிவாசாரியார் தம் சிவப்பிரகாசத்து அவையடக்கத்திலேயே வைத்தார். அன்று அலிகேட்ஸ் குழுவின் சுருள்முடியைக் கண்டு முகம் சுளித்த பெரியோரும் பழைமையின் பெயராலேயே சுளித்திருப்பர். அவர்கள் பிழையை இன்றைய சுவைஞர் மறுபடி செய்தல் தகாது.

எஞ்சுவதும் எஞ்சாததும்

பிந்தி வருதல் என்பதே, முன்னது எஞ்சியிருந்தால்தான் இயலும். அலிகேட்ஸ் பாடல்கள் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் பதிந்தன. ஆகவே அவற்றுக்குப் புதிய சுவைஞர் பிறந்துகொண்டே இருக்கலாம். அதே ஆண்டுகளில் பேராக் தோட்டங்களில் கோயில் திருவிழாதோறும் உறுமி மேளம் முழங்கிற்று. நாற்று நட்டவரும் பால் வெட்டியவரும் தாலாட்டும் ஒப்பாரியும் பாடினர். அவற்றுட் பெரும்பகுதி எதிலும் பதியவில்லை. அக்குழுவினர்க்கும் அப்பாட்டியர்க்கும் பிந்தி வரும் சுவைஞர் தோன்ற வழியே இல்லை. அடியார்க்குநல்லார் கையில் இருந்த நூல்களே அவருக்குப் பின் மறைந்தன. அவற்றுள் பஞ்சமரபின் ஏடு மட்டும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிடைத்து அச்சேறியது. பேராக் தோட்டத்துப் பாட்டுக்கோ அப்படிக் காத்திருக்கும் ஏடும் இல்லை.

1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் உ. வே. சாமிநாதையர் அச்சிட்டபோது, அந்நூல்களின் சுவைஞர் யாவரும் பிந்தி வந்தவரே. விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் வெளியிட்ட யாழ்நூல், மறைந்துபோன கருவி ஒன்றின்மேல் கொண்ட காதலின் பயன். இன்று வகுப்பில் கானல்வரி நடத்தும் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் இவ்வரிசையில் நிற்பவர்தாம். பழைய இசைக்குழு ஒன்றின்மேல் மையல் கொண்டு வரும் மாணவரை அவர் எள்ளுதற்கு இடமில்லை. ஏன் பிடித்தது, எந்தப் பாட்டு சிறந்தது, எது சிறவாதது என்று அம்மாணவரை எழுதச் சொல்லலாம். அதன்பின் இன்னொரு வேலையும் தரலாம். சுங்கை சிப்புட்டிலோ ஈப்போவிலோ, லயத்தில் வாழ்ந்த பாட்டி ஒருவர் அம்மாணவரின் உறவிலேயே இருக்கக்கூடும். அவர் பாடும் தாலாட்டைக் கைப்பேசியில் பதிந்து, சொற்களை ஏட்டில் எழுதி வரட்டும். அம்மாணவரும் ஒருநாள் முன்னோர் ஆவார். அவருக்குப் பின் வருபவர்க்கும் கேட்பதற்கு ஏதேனும் எஞ்ச வேண்டும்.