வீடு துறந்தோரும் வீடிழந்தோரும்: அயலகத் திருப்பணியாளர் மொழியில் உறைவிடம்

முன்னுரை

தமிழில் ‘வீடு’ என்னும் சொல் மாந்தர் குடியிருக்கும் மனையையும் உயிர் எய்தும் பேரின்ப நிலையையும் ஒருங்கே குறிக்கும். ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல்லில் விடுதலும் உறைதலும் சேர்ந்தே நிற்கின்றன. பிறந்த நாட்டை விட்டு அயல்நாட்டில் சமயப்பணி ஆற்றிய ஐரோப்பியத் துறவியரின் எழுத்தை மதிப்பிட இச்சொல் பொருத்தமானதொரு நுழைவாயில் எனலாம். இத்துறவியரைப் பற்றித் தமிழில் எழுந்த நூல்கள் பெரும்பாலும் ‘தமிழ்த்தொண்டு’ என்னும் தலைப்பில் அவர்தம் படைப்புகளை வரிசைப்படுத்திப் போற்றுகின்றன. அயன்மொழியில் அவர்கள் வேர்கொண்டது எங்ஙனம், அவர்கள் கட்டிய மொழிமனையில் பின்னர் யார் குடியிருந்தனர் என்னும் வினாக்கள் அவற்றில் அரிதாகவே எழுகின்றன. தாணேயில் பணியைத் தொடங்கிய யோர்தானுஸ், கோவாவில் வாழ்ந்த தாமஸ் ஸ்டீபன்ஸ், தமிழகத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர் ஆகிய மூவரின் எழுத்தை முன்வைத்து அவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

தாணே: வியப்பின் மொழி

இன்று மும்பைப் பெருநகரின் அண்டை நகரமாக விளங்கும் தாணே, 14ஆம் நூற்றாண்டில் மேலைக்கடல் வாணிகத் துறைமுகமாக இருந்தது. கி.பி. 1321ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பிரான்சிஸ்கன் துறவியர் நால்வர் அங்குக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரான தெமெத்ரியுஸ் பன்மொழி அறிந்தவர் எனக் குறிப்பிடப்படுகிறார். பின்னர் அவ்வழியே வந்த ஓதோரிக், தாணேயில் நெஸ்தோரியக் கிறித்தவர் வீடுகள் பதினைந்து இருந்தன என்றும், அவற்றுள் ஒன்றிலேயே அந்நால்வரும் விருந்தினராகத் தங்கினர் என்றும் எழுதியுள்ளார். அவர்களுக்கு அந்நகரில் கிடைத்தது பிறர் வீட்டுத் திண்ணையே. தமக்கென ஒரு மனை அன்று. அவர்தம் எலும்புகளையும் ஓதோரிக் சீன நாட்டிற்கு எடுத்துச் சென்றார். மண்ணிலும் அவர்களுக்கு நிலையான இடம் வாய்க்கவில்லை.

அந்நால்வருடன் வந்து, கொலை நிகழ்ந்தபோது வேற்றூரில் இருந்தமையால் உயிர்பிழைத்தவர் தொமினிக்கன் துறவியான யோர்தானுஸ். உடல்களைச் சோபாராவில் அடக்கம் செய்துவிட்டு அவர் இந்நிலப்பகுதியிலேயே பணியைத் தொடர்ந்தார். 1329இல் கொல்லத்தின் ஆயராக அமர்த்தப்பட்டார். இலத்தீனில் அவர் எழுதிய இந்திய வருணனை நூலின் பெயரே ‘வியப்புகள்’ என்னும் பொருளது. இந்தியா வேறோர் உலகம் என்னும் கருத்து அதில் திரும்பத் திரும்ப வருகிறது.

மொழியியல் நோக்கில் இந்நூலின் கடன்சொற்கள் கருதத்தக்கன. பலாவைச் ‘சக்கி’ என்றும், மாவை ‘அனிபா’ என்றும், தென்னையை ‘நார்கில்’ என்றும் அவர் எழுதுகிறார். முதற்சொல் குமரி மாவட்டத் தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் ‘சக்கை’, ‘சக்க’ என்பனவற்றோடு தொடர்புடையது. மூன்றாவது பாரசீகம் வழிவந்தது. கரையோர வாணிக மொழிகள் பலவற்றின் சொற்கள் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கின்றன. இவை பொருள்களின் மேல் ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டுகளே. இவற்றைக்கொண்டு ஒரு வாக்கியமும் அம்மொழிகளில் கட்டப்படவில்லை. கண்டதெல்லாம் வியப்பாக இருக்கும்வரை கண்டவர் விருந்தினரே. வியப்பு நீங்கிப் பழக்கம் தோன்றும் இடத்திலேதான் வீடு தொடங்குகிறது.

சால்செட்: இழந்தோர் கேட்ட புராணம்

தாணே அமைந்துள்ள தீவுக்கும் கோவாவின் தென்பகுதிக்கும் ‘சால்செட்’ என்னும் ஒரே பெயர் வழங்கியது. அறுபத்தாறு ஊர்களைக் குறிக்கும் தொகைச்சொல்லே இரண்டிற்கும் மூலம். இரண்டும் போர்த்துக்கேயர் ஆட்சியில் இருந்தமையால் ஆவணங்களைப் பெயர்ப்போர் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள இடமுண்டு. தாமஸ் ஸ்டீபன்ஸ் பணியாற்றியது கோவாவின் சால்செட்டில் ஆகும். இங்கிலாந்தில் பிறந்த இச்சேசு சபைத் துறவி 1579இல் கோவாவை அடைந்து, 1619இல் அங்கேயே மறைந்தார்.

1583இல் தம் உடன்பிறந்தாருக்கு எழுதிய மடலில், இந்நாட்டு மொழிகளின் அமைப்பு கிரேக்கத்தையும் இலத்தீனையும் ஒத்துள்ளது என்று அவர் குறிப்பிட்டார். வில்லியம் ஜோன்ஸ் 1786இல் வெளியிட்ட கருத்திற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தியது இது. யோர்தானுஸ் பழங்களைக் கண்டு வியந்தார். ஸ்டீபன்ஸ் தொடரமைப்பில் உறவைக் கண்டார். அயன்மை உறவாக மாறும் முதற்படி இங்குப் புலப்படுகிறது.

அவருடைய கிறித்து புராணம் 1616இல் அச்சேறியது. ஏறத்தாழ 11,000 ஓவிச் செய்யுள்களால் ஆன இந்நூல், கொங்கணிச் சொற்கள் விரவிய மராத்தியில் அமைந்தது. அடுப்படிப் பேச்சு கொங்கணியாகவும் புராண மொழி மராத்தியாகவும் இருந்த நிலையை ஆசிரியர் உணர்ந்திருந்தார். ஆகவே மறைக்கல்வி நூலையும் இலக்கணத்தையும் கொங்கணிக்கு ஆக்கினார். காப்பியத்திற்கு மராத்தியைத் தெரிந்தெடுத்தார். அவர் மறைந்தபின் 1640இல் வெளிவந்த அக்கொங்கணி இலக்கணம், இந்திய மொழியொன்றிற்கு அச்சேறிய முதல் இலக்கணமாகக் கருதப்படுகிறது.

நூல் தோன்றிய சூழலே இங்கு மிக இன்றியமையாதது. 1567இல் சால்செட்டின் கோயில்கள் இடிக்கப்பட்டன. பழைய புராணங்களை ஓதவும் தடை இருந்தது. சமயம் மாறியோர் சார்பில் அந்தணர் ஒருவர் பாதிரியாரை அணுகித் தங்களுக்கும் ஒரு புராணம் வேண்டும் என்று கேட்பதாக நூலின் தொடக்கம் அமைகிறது. கேட்பவர் தம் ஊரிலேயே வீடிழந்தவர். கேட்கப்படுபவர் தம் ஊரை விட்டு வந்தவர். இருவர் இழப்பும் ஒரு நூலில் சந்திக்கின்றன. ஆனால் அவ்விழப்புகள் ஒத்தவை அல்ல. ஒன்று விரும்பித் துறந்தது. மற்றொன்று ஆட்சியால் பறிக்கப்பட்டது. விண்ணுலகைக் குறிக்க ‘வைகுண்டம்’ என்னும் சொல்லை ஆசிரியர் ஆள்வதை இப்பின்னணியில் நோக்க வேண்டும். இடிந்த கோயிலின் கல்லைக்கொண்டே புதுமனை எழுப்பியதற்கு ஒப்பானது அது. கேட்போருக்கு அச்சொல் ஆறுதலாகவும் நினைவூட்டலாகவும் ஒருசேர ஒலித்திருக்கும்.

1684இல் கோவா அரசு உள்நாட்டு மொழியைக் கைவிடுமாறு மூன்றாண்டுக் கெடு விதித்தது. புராணத்தின் 17ஆம் நூற்றாண்டு அச்சுப்படிகளுள் ஒன்றும் எஞ்சவில்லை. எனினும் கோவாவிலிருந்து கன்னடக் கரையோரம் குடிபெயர்ந்த கிறித்தவக் குடும்பங்கள் கையெழுத்துப் படிகளைக் காத்துப் பாடிவந்தன; 1907இல் மங்களூரில் அது மீண்டும் அச்சேறியது. அயலார் ஒருவர் கட்டிய மொழிமனை, புலம்பெயர்ந்தோர் தோளில் ஏறி வேற்றூர் சென்றது.

திருக்காவலூர்: பெயர்ப்பும் குடியேற்றமும்

இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் தமிழகத்தில் மேற்கொண்ட முயற்சியும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் எழுதிய அவர், ஸ்டீபன்ஸைப் போலவே மொழியின் இரு தளங்களையும் பகுத்தறிந்தவர். 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட தேம்பாவணி 1726இல் நிறைவுற்றது. நாட்டுப் படலம், நகரப் படலம் எனத் தமிழ்க் காப்பிய மரபுப்படியே அது தொடங்குகிறது. யூதேயா நாட்டில் தமிழ் மருதத்தின் நீரும் வயலும் காட்சிதருகின்றன. இது நில வருணனைப் பிழை அன்று. வெளிநிலத்தைத் தமிழ்த்திணைக்குள் குடியேற்றும் செயல்.

பெயராக்கத்தில் இது இன்னும் தெளிவாகிறது. எபிரேயத்தில் ‘பெருகச் செய்தல்’ என்னும் பொருளடியாக வந்த யோசேப்பு என்னும் பெயரை அவர் ‘வளன்’ என்றார். கடவுளின் அருளைச் சுட்டும் யோவான் என்னும் பெயரைக் ‘கருணையன்’ என்றார். ஒலிபெயர்ப்பை விடுத்துப் பொருள்பெயர்ப்பை அவர் தெரிந்தமை மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ளத்தக்கது. மேலும், காப்பியத் தலைவனான வளனே குழந்தையையும் தாயையும் காக்க எகிப்து நாட்டில் அயலானாக வாழ்பவன். அயல்மண்ணில் வாழ்ந்த புலவர், அயல்மண்ணில் வாழ்ந்த தலைவனைத் தெரிந்தெடுத்தது பொருள்பொதிந்த தேர்வு.

ஆயினும் இம்மனையில் உடனே குடிபுகுந்தோர் குறைவு. மக்கள் வழக்கில் போர்த்துக்கேய வழிவந்த ‘சூசை’யே நிலைத்து, ‘சூசையப்பர்’ ஆயிற்று. ‘வளன்’ நெடுங்காலம் ஏட்டுச்சொல்லாகவே இருந்து, பின்னரே மக்கட்பெயராக வழக்கிற்கு வந்தது. செந்தமிழ்க் காப்பியம் புலவருக்கு வீடாயிற்று. அவர் பணியாற்றிய எளிய மக்களுக்கு அது தொலைவில் தெரிந்த மாடமே. இதற்கு மாறாக, ஏலாக்குறிச்சிக்கு அவர் இட்ட ‘திருக்காவலூர்’ என்னும் பெயரும், அங்குள்ள அன்னைக்கு வழங்கும் ‘அடைக்கல மாதா’ என்னும் பெயரும் வழிபாட்டோடு கலந்தன. காவல், அடைக்கலம் என்னும் இரு சொற்களும் வீடற்றவர் தேடும் பொருளையே குறிக்கின்றன. அவை புதுவதாகப் புனைந்தவை அல்ல. மக்கள் நாவில் முன்னரே வாழ்ந்தவை.

முடிவுரை

மூன்று நிலைகளை மேலே கண்டோம். யோர்தானுஸ் அயன்மொழிச் சொற்களைப் பொறுக்கினார்; ஸ்டீபன்ஸ் இழந்தோர் கேட்ட வடிவத்தில் எழுதினார்; வீரமாமுனிவர் மொழியின் உள்ளறைவரை சென்றார். மூன்றாமவரின் மொழித்திறனே மிகப்பெரிது. எனினும் மனையின் உறுதியை அளக்கும் கோல் கட்டியவரின் திறன் மட்டும் அன்று. பின்னர் அதில் வாழ்ந்தோரின் தேவையும் ஆகும். திருப்பணியாளர் அயல்நாட்டில் வீடு கண்டனர் என்று கூறும் ஆய்வு, அந்நாட்டார் எதை இழந்த வேளையில் அவ்வீடு எழுந்தது என்பதையும் உடன்கூற வேண்டும். அவ்வாறு கூறாத பாராட்டு அரைப்பெயர்ப்பாகவே நிற்கும்.

இவ்வினா இன்றும் வாழும் வினாவே. நெல்லை முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல தாராவியிலும் செம்பூரிலும் தாணேயிலும் வாழ்கின்றன. அவர்களுள் கிறித்தவராயினோர், ஐரோப்பியரும் தமிழரும் சேர்ந்து சமைத்த திருச்சபைத் தமிழில் மராத்திச் சூழலின் நடுவே வழிபடுகின்றனர். ஒருகாலத்தில் அயலார் தமக்கெனக் கற்ற தமிழ், இன்று தமிழருக்கே அயலூரில் வீடாகிறது. கிறித்து புராணத்தையும் தேம்பாவணியையும் அருகருகே வைத்து மராத்தி, தமிழ் இருமொழியும் அறிந்தோர் ஆராய்வதற்கு, இவ்விரு மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும் அந்நிலப்பகுதியே தக்க களமாகும்.